கேஸ்கேட் ஹெட்: வயதாகும் கடலோரக் காட்டில் எந்த மரம் சாகிறது?

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் கடற்கரையில், லிங்கன் சிட்டி ஊருக்குச் சற்று வடக்கே, பசிபிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மலைமுனையின் பெயர் கேஸ்கேட் ஹெட். அதையொட்டிய காட்டை 1934இல் அந்நாட்டு வனத்துறை சோதனைக் காடாக அறிவித்தது. மறு ஆண்டு, 1935இல், காட்டுக்குள் ஏறத்தாழ ஓர் ஏக்கர் அளவில் சில துண்டுகளைக் குறித்து, அவற்றுக்குள் நின்ற மரங்களுக்கு எண் கொடுத்து, சுற்றளவு எடுத்து எழுதி வைத்தார்கள். அந்தத் துண்டுகளை அப்போதிலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாராவது போய் அளந்துகொண்டே வருகிறார்கள். முதலில் அளந்தவர்கள் இன்று யாரும் இல்லை. அவர்கள் எண் போட்ட மரங்களில் கணிசமானவையும் இல்லை.

இந்த ஆய்வின் சுவாரசியம் அந்த இரண்டாவது செய்தியில்தான் இருக்கிறது. காடு எவ்வளவு வளர்ந்தது என்று பார்க்கத் தொடங்கிய வேலை, காடு எப்படிச் சாகிறது என்று பார்க்கும் வேலையாக மெல்ல மாறிப்போனது. 1935இல் இருந்தவர்களுக்கு அந்த நோக்கம் இருந்திருக்காது. ஏக்கருக்கு எத்தனை பலகை தேறும், எத்தனை வயதில் வெட்டினால் லாபம் என்பதே அப்போதைய கேள்வி. முதல் உலகப் போரில் விமானச் சட்டகங்களுக்காக இந்தக் கடற்கரையின் ஸ்ப்ரூஸ் மரத்தை ராணுவமே ஆளனுப்பி வெட்டிய நினைவு அன்று பழசாகியிருக்கவில்லை.

காட்டின் பிறப்பு

1840களின் நடுவில் இந்தக் கடற்கரையில் பெரும் தீ ஒன்று பரவியது. நெஸ்டக்கா தீ என்பார்கள். அது எரித்துப்போட்ட நிலத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் முளைத்து வந்ததுதான் கேஸ்கேட் ஹெட் காட்டின் பெரும்பகுதி. ஆக, 1935இல் எண் போட்டபோது அது 85, 90 வயதுக் காடு. இன்று 180 ஆண்டுகளை ஒட்டி நிற்கிறது.

இங்கே ஆட்சி செய்வது இரண்டு ஊசியிலை மரங்கள். ஒன்று சிட்கா ஸ்ப்ரூஸ். ஸ்ப்ரூஸ் இனங்களிலேயே உயரமானது இதுதான். 90 மீட்டரைத் தாண்டிய மரங்கள் உண்டு, 700 ஆண்டுகள் வாழக்கூடியது. மற்றொன்று வெஸ்டர்ன் ஹெம்லாக். ஸ்ப்ரூஸ் அளவுக்குப் பருக்காது. ஆனால் நிழலைத் தாங்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை. பெரிய மரங்களின் காலடியில் பல பத்தாண்டுகள் குட்டையாகவே காத்திருந்து, மேலே வெளிச்சம் திறந்ததும் எழும்பி வந்துவிடும்.

ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, கோடையிலும் கடல்மூட்டம், உறைபனி அதிகம் தொடாத குளிர்காலம், நைட்ரஜன் நிறைந்த மண். ஊசியிலை மரத்துக்கு இதைவிட வசதியான இடம் உலகத்தில் கொஞ்சம்தான். தீ அரிது, வறட்சி அரிது. அப்படியென்றால் இங்கே மரங்கள் எதனால் சாகின்றன?

அளக்கும் வேலை

பதில் சொல்வதற்கு முன் அளவை எப்படி எடுக்கிறார்கள் என்று சொல்லியாக வேண்டும். முடிவுகளின் பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன.

தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சு மட்டத்தில், நாடாவைச் சுற்றி அளவெடுப்பது அமெரிக்காவில் வழக்கம். கேட்க எளிது. ஆனால் இந்தக் காட்டில் தரை எது என்பதே பல மரங்களில் தகராறு. விழுந்து கிடந்த பெருங்கட்டையின் மேல் முளைத்த ஸ்ப்ரூஸ், கட்டையின் இருபுறமும் வேரை இறக்கி மண்ணைப் பிடிக்கும். நூறு ஆண்டு கழித்து அடிக்கட்டை மக்கிப்போனதும் மரம் பொய்க்கால் போட்டதுபோல் வேர்மேல் நிற்கும், நடுவில் ஆள் குனிந்து புகுகிற அளவுக்கு இடைவெளி. இதற்கு நெஞ்சு மட்டம் எங்கிருந்து? அடிப்பகுதி விரிந்து புடைத்த மரங்களில் புடைப்புக்கு மேலே ஓரிடத்தைத் தேர்ந்து, அடுத்து வருகிறவர் அதே இடத்தில் அளக்கும்படி குறித்து வைக்க வேண்டும். பட்டை வேறு தொல்லை. சிட்கா ஸ்ப்ரூஸின் பட்டை மெலிதாக, செதில் செதிலாக உதிரும். போன முறை இருந்த செதில் இந்த முறை உதிர்ந்திருந்தால் மரம் இளைத்துவிட்டதாகக் கணக்கு வரும். நீண்டகாலப் பதிவேடுகளில் இப்படிச் ‘சுருங்கிய’ மரங்கள் எப்போதும் சில இருக்கும். அவற்றை எப்படிச் சரிசெய்வது என்பதற்கே தனி விதிமுறை வேண்டியிருக்கிறது.

செத்த மரத்துக்கு இன்னும் கூடுதல் வேலை. நின்றபடி செத்ததா, நடுவில் முறிந்ததா, வேரோடு சாய்ந்ததா, அல்லது பக்கத்து மரம் விழும்போது இதையும் சேர்த்துக்கொண்டு போனதா என்று பார்த்து எழுத வேண்டும். வேரோடு சாய்ந்தது பார்த்தவுடன் தெரியும், மண்ணோடு வேர்த்தட்டு செங்குத்தாக நிற்கும். முறிந்ததும் தெரியும். ஆனால் முறிந்த இடத்தில் வைரம், அதாவது தண்டின் நடுக்கட்டை, உளுத்துக் கிடந்தால் கொன்றது காற்றா, காளானா? அளப்பவர் ஒன்றைத்தான் எழுதுவார். என்னைக் கேட்டால், மரச்சாவுக்கான காரணத்தைச் சதவீதமாகப் போட்டுக் காட்டும் எந்த அட்டவணையையும் இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

வளர்ச்சி நின்றுவிட்டதா

வயதான காடு வளராது என்பது வனவியலில் நெடுநாள் நம்பிக்கை. காடு ஓரளவு வயதுக்கு மேல் ஆண்டுதோறும் சேர்க்கும் மரத்தின் அளவு குறைகிறது என்பது உண்மைதான். ஏன் என்பதில்தான் சண்டை. உடம்பு பெருக்கப் பெருக்க, இலை தயாரிப்பதெல்லாம் கட்டையின் சுவாசத்துக்கே செலவாகிவிடுகிறது என்று முன்பு சொன்னார்கள். 1990களில் அந்த விளக்கம் ஆட்டம் கண்டது. உயரம் கூடக் கூட உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுவது கடினமாகி, இலைகள் துளைகளை மூடிக்கொள்வதால் ஒளிச்சேர்க்கை குறைகிறது என்று அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் மைக்கேல் ரயனும் அவருடன் இருந்தவர்களும் வாதிட்டார்கள்.

2014இல் நேச்சர் இதழில் நேட் ஸ்டீபன்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் எதிர் போலத் தோன்றியது. 403 மர இனங்களின் அளவுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பெரும்பாலான இனங்களில் மரம் பெரிதாகப் பெரிதாக அது ஆண்டுக்குச் சேர்க்கும் எடையும் கூடிக்கொண்டே போனது. ஆண்டு வளையம் மெலிந்தாலும், அது சுற்றி வருகிற மரம் பெரிது என்பதால் மொத்த எடை அதிகம்.

அப்புறம் காடு மட்டும் எப்படித் தேங்குகிறது? இரண்டும் ஒன்றோடொன்று முட்டுவதில்லை. தனி மரம் வளர்கிறது, மரங்களின் எண்ணிக்கை குறைகிறது. ஒரு துண்டு நிலத்தின் கணக்கில் வரவு நிற்பதில்லை. செலவு வரவை எட்டிப்பிடிக்கிறது. கேஸ்கேட் ஹெட் பதிவேட்டை வாசிக்கும்போது என் கண்ணில் படுவது இதுதான். காட்டின் மர இருப்பை அங்கே தீர்மானிப்பது வளர்ச்சியைவிடச் சாவு, அதிலும் எத்தனை மரம் என்பதைவிட எந்த மரம் என்பது.

இரண்டு வகைச் சாவு

நெருக்கத்தால் வரும் சாவு முதல் வகை. நாற்றங்காலில் நாற்று அடர்ந்துபோனால் வலுத்தது இளைத்ததை அமுக்குவதுபோல, ஒரே வயதில் முளைத்த காட்டிலும் உச்சியைப் பிடித்த மரம் மற்றதன் வெளிச்சத்தைத் தின்றுவிடும். பின்தங்கியது வளையம் மெலிந்து, கீழ்க்கிளைகளை இழந்து, நின்றபடியே காயும். இந்தச் சாவை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். பத்தாண்டாகச் சுற்றளவு கூடாத ஒல்லி மரம் அடுத்த அளவீட்டுக்குள் போய்விடும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது வகை காற்று. அதற்கு ஒல்லி பெரிது என்ற கணக்கெல்லாம் கிடையாது. சொல்லப்போனால், விதானத்துக்கு, அதாவது காட்டின் உச்சிக்கூரைக்கு, மேலே தலை நீட்டி நிற்கும் மரத்தைத்தான் அது முதலில் பிடிக்கிறது.

கேஸ்கேட் ஹெட்டில் செத்தவற்றை எண்ணிக்கையாகப் பார்த்தால் நெருக்கத்துக்குப் பலியான சிறு மரங்கள் பெரிய பங்கு. மர எடையாகப் பார்த்தால் காற்றுதான் முன்னால் நிற்கிறது. வித்தியாசம் எவ்வளவு என்று புரிய ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஹெம்லாக் ஒன்றையும் 120 சென்டிமீட்டர் ஸ்ப்ரூஸ் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்களவு 6 மடங்கு என்றால் வெட்டுமுகப் பரப்பு 36 மடங்கு. உயரமும் கூடுதல் என்பதால் எடை வித்தியாசம் அதற்கும் மேலே. ஓர் ஏக்கரில் ஐந்தாண்டுக்குள் பத்து ஒல்லி மரம் நின்றபடி காய்ந்து, ஒரே ஒரு ஸ்ப்ரூஸ் சாய்ந்தால், எண்ணிக்கைப் பட்டியலில் காற்றின் பங்கு பதினொன்றில் ஒன்று. எடைப் பட்டியலில் அந்த ஒன்றே கிட்டத்தட்ட எல்லாம். இரண்டும் ஒரே துண்டின் சரியான கணக்குகள்தான்.

‘ஆண்டுக்கு ஒரு சதவீதம் மரச்சாவு’ போன்ற வாசகங்களைப் பார்க்கும்போது, எதில் ஒரு சதவீதம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

காற்றின் வேலை

குளிர்காலப் புயல்கள் இந்தக் கரைக்குப் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருகின்றன. அதே பருவத்தில்தான் மழையும் கொட்டித் தீர்க்கிறது. ஊறிப்போன மண்ணில் வேரின் பிடி தளர்ந்திருக்கும் நேரத்தில் காற்று அடிப்பதால் பாதிப்பு இரட்டிப்பாகிறது. ஊசியிலை மரம் குளிர்காலத்திலும் இலை உதிர்ப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், கப்பல் பாய் விரித்ததுபோலப் புயலுக்குள் நிற்கிறது.

1962 அக்டோபர் 12 அன்று அடித்தது கொலம்பஸ் நாள் புயல். பசிபிக் வடமேற்கு கண்ட காற்றுகளில் மிகக் கொடியது என்று இன்றும் அதைத்தான் சொல்வார்கள். ஒரிகனிலும் வாஷிங்டனிலும் ஏறத்தாழ 1,100 கோடி பலகையடி மரம் விழுந்ததாக மதிப்பிட்டார்கள். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனமுள்ள பலகைதான் ஒரு பலகையடி. 2007 டிசம்பர் முதல் வாரத்தில் வந்த கடலோரப் பெரும்புயல் அடுத்தது. கேஸ்கேட் ஹெட்டுக்கு வடக்கே, சீசைடு ஊருக்குப் பக்கத்தில் கிளூச்சி ஓடைக்கரையில் நின்ற சிட்கா ஸ்ப்ரூஸ், ஒரிகன் மாநிலம் தன் மரபு மரங்கள் பட்டியலில் முதலாவதாகச் சேர்த்த மரம். ஏறத்தாழ 200 அடி உயரம். அந்தப் புயலில் அது தரையிலிருந்து சுமார் 80 அடி உயரத்தில் ஒடிந்தது. எப்போதோ மின்னல் கிழித்த பழைய வடு ஒன்று அதன் உடம்பில் இருந்தது, அந்தப் பலவீனமான இடத்தில்தான் போனது. இதையே ஓர் ஆய்வுத் துண்டுக்குள் நடந்ததாக வைத்துக்கொண்டால், படிவத்தில் ‘காற்று’ என்றுதான் ஏறும். மின்னலுக்கு அங்கே இடமிருக்காது.

பெரும்புயல்கள் செய்தியாகின்றன. ஆனால் இந்தக் காட்டின் உருவத்தை மாற்றுவதில் சாதாரண ஆண்டுகளின் காற்றுக்கும் பெரிய பங்கு. ஒரு மரம் விழுந்து இடைவெளி உண்டானால், அதுவரை அண்டைமரங்களின் அணைப்பில் வளர்ந்த விளிம்பு மரங்கள் முதல்முறையாக முழுக் காற்றையும் வாங்குகின்றன. அவற்றின் வேரும் தண்டும் அதற்குப் பழகியதல்ல. அடுத்த குளிர்காலத்தில் விளிம்பில் ஒன்றிரண்டு போகும், அதற்கடுத்து இன்னும் சில. இப்படி ஓட்டை ஓரம் ஓரமாகப் பெரிதாகும். பல பத்தாண்டுகளின் வான்படங்களை அடுக்கிவைத்துப் பார்க்கும்போது இது தெளிவாகத் தெரிகிறது. தரையில் ஓர் ஏக்கரை மட்டும் அளப்பவருக்கு இது பிடிபடுவது கடினம், ஏனென்றால் ஓட்டை துண்டுக்கு வெளியே தொடங்கி உள்ளே நுழைந்திருக்கலாம்.

காற்றுக்குத் துணைநிற்கும் கூட்டாளிகளும் உண்டு. ஹெம்லாக்கின் பட்டையில் காயம் பட்டால் காளான் எளிதில் புகும், உள்ளே வைரம் உளுக்கும். வேரழுகல் காளான் ஒரு மரத்தின் வேரிலிருந்து மற்றதற்குத் தாவும். குட்டைப் புல்லுருவி ஹெம்லாக்கின் கிளைகளை முடிச்சு முடிச்சாக வீங்க வைத்து வலுவிழக்கச் செய்யும். இவை எதுவும் தனியாக ஒரு பெரிய மரத்தைச் சட்டென்று வீழ்த்துவதில்லை. வயது ஏற ஏற இவை சேர்ந்துகொண்டே போகின்றன, அதனால் நூறு வயதில் தாங்கிய காற்றை நூற்றைம்பதில் மரம் தாங்குவதில்லை.

துண்டுகளைத் தேர்ந்தெடுத்தவர்கள்

இந்த ஆய்வில் எனக்கு உறுத்தலாக இருப்பது ஒன்று உண்டு, அது கேஸ்கேட் ஹெட்டுக்கு மட்டும் உரியதல்ல. அந்தக் காலத்தில் வளர்ச்சி அளக்கும் துண்டுகளைச் சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. மரம் அடர்ந்து, ஓட்டை இல்லாமல், ‘நிறைவான’ காடாகத் தெரிந்த இடங்களைப் பார்த்துத்தான் வைத்தார்கள். விளைச்சல் அட்டவணை தயாரிக்க அதுதான் தேவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நல்ல இடமாகப் பார்த்துத் தொடங்கிய துண்டுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஓட்டையே இல்லாத இடத்தில் நாளாக ஆக ஓட்டை விழத்தான் செய்யும். பக்கத்தில் ஏற்கெனவே விழுந்து, இப்போது இளமரங்களால் நிறைந்துவரும் இடம் கணக்கிலேயே இல்லை. அதனால் துண்டுகளுக்குள் தெரியும் சரிவு முழுக்காட்டின் சரிவைவிடக் கொஞ்சம் மிகையாக இருக்க வாய்ப்புண்டு.

கால அளவும் அப்படித்தான். 1963இல் தொடங்கி இருபதாண்டு அளந்திருந்தால் இந்தக் காடு நன்றாக வளர்கிறது என்று எழுதியிருப்போம். 1955இல் தொடங்கிப் பத்தாண்டு அளந்திருந்தால் சரிகிறது என்று எழுதியிருப்போம். பெருங்காற்று எப்போதாவது வரும் இடத்தில் ஐந்தாண்டுச் சராசரிக்கு அர்த்தம் குறைவு.

2009ஆம் ஆண்டுச் செய்தி

2009 ஜனவரியில் சயின்ஸ் இதழில் பிலிப் வான் மாண்ட்கெம், நேட் ஸ்டீபன்சன் குழுவினரின் கட்டுரை வந்தது. மேற்கு அமெரிக்காவில், கனடாவின் தென்மேற்கு மூலையையும் சேர்த்து, 76 நீண்டகாலத் துண்டுகளின் பதிவுகள். எல்லாம் முதிர்ந்த காடுகள். வழக்கமான மரச்சாவு விகிதம், அதாவது பேரழிவு ஏதுமில்லாத காலத்துச் சாவு விகிதம், 17 முதல் 29 ஆண்டுகளுக்குள் இரட்டித்துவிடுகிறது என்பதே முடிவு. பசிபிக் வடமேற்கில்தான் வேகம் அதிகம், 17 ஆண்டு.

இது சாதாரண எண் அல்ல. ஆண்டுக்கு 1 சதவீதம் சாகும் காட்டில் இன்றுள்ள மரங்களில் பாதி போக ஏறத்தாழ 69 ஆண்டுகள் ஆகும். 2 சதவீதம் என்றால் 34. அந்த இடத்தை நிரப்பப் புதிய மரங்கள் அதே வேகத்தில் வரவில்லை என்றும் அவர்கள் காட்டினார்கள். காடு வயதாவதால்தான் இப்படி என்று தள்ளிவிட முடியாதபடி, சிறியது பெரியது என எல்லா அளவு மரங்களிலும் சாவு கூடியிருந்தது. வெப்பம் கூடுவதையும் அதனால் வரும் நீர்ப்பற்றாக்குறையையும் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள்.

அந்த ஆய்வு வலுவானது. ஆனால் அதன் முடிவை எடுத்து அப்படியே கடலோர ஸ்ப்ரூஸ் காட்டுக்குப் பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது சொல்லும் ‘வழக்கமான சாவு’ மரத்தின் எண்ணிக்கையை வைத்தது. மூட்டமும் மழையும் நனைத்துக்கொண்டிருக்கும் கேஸ்கேட் ஹெட்டில் மர எடையைக் கூட்டிக் குறைப்பது புயல். இங்கே கேட்க வேண்டியது, வறட்சி கூடுகிறதா என்பதோடு, குளிர்காலப் புயல்களின் போக்கு மாறுகிறதா என்பதும்தான். முன்னதற்கு வெப்பமானியும் மழைமானியும் போதும். பின்னதற்குத் துண்டு அளவீடு இன்னும் பல பத்தாண்டுகள் தொடர வேண்டியிருக்கும்.

விழுந்த பிறகு

விழுந்த மரம் இந்தக் காட்டில் வேலையை முடித்துக்கொள்வதில்லை. ஒரிகன், வாஷிங்டன் கடலோர ஸ்ப்ரூஸ்-ஹெம்லாக் காடுகளில் காட்டியல் ஆய்வாளர்கள் மார்க் ஹார்மனும் ஜெர்ரி ஃபிராங்க்ளினும் 1980களில் எண்ணிப் பார்த்தார்கள். மரக்கன்றுகளில் 94 முதல் 98 சதவீதம் விழுந்த கட்டைகளின் மேல் நின்றன. அந்தக் கட்டைகள் அடைத்திருந்த இடமோ காட்டுத்தரையில் 6 முதல் 11 சதவீதம்தான். கட்டையில் சத்து அதிகம் என்பதல்ல காரணம். தரையில் பாசியும் செடிகளும் அடர்ந்து மூடியிருப்பதால் கடுகுபோன்ற விதைக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. கட்டையின் முதுகில் கொஞ்ச காலம் போட்டி குறைவு.

கட்டை எவ்வளவு காலம் கிடக்கும் என்பதற்கும் நீண்ட கணக்கு தேவைப்படுகிறது. ஒரிகனின் உள்மலையில் ஹெச். ஜே. ஆண்ட்ரூஸ் சோதனைக் காட்டில் அதே ஹார்மன் 1985இல் நூற்றுக்கணக்கான கட்டைகளைக் காட்டுத்தரையில் போட்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார். திட்டமிட்ட காலம் 200 ஆண்டு. தான் தொடங்கும் ஆய்வின் முடிவைத் தன் பேரப்பிள்ளைகளும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கேஸ்கேட் ஹெட்டில் அடுத்து எந்த மரம் என்பதையும் விழும் விதம்தான் முடிவுசெய்கிறது. ஒற்றை மரம் விழுந்து சின்ன ஓட்டை திறந்தால், ஏற்கெனவே நிழலில் காத்திருக்கும் ஹெம்லாக் முந்திக்கொள்ளும். விளிம்பு மரங்கள் அடுத்தடுத்துச் சாய்ந்து ஓட்டை அகன்றால் ஸ்ப்ரூஸ் கன்றுக்கும் வாய்ப்பு. தீயில் பிறந்த ஸ்ப்ரூஸ்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்க, புயல் பெரிதாக அடிக்காத காலம் நீண்டால் காடு ஹெம்லாக் பக்கம் சாயும்.

தமிழ்நாட்டிலும் மரத்தின் சாவை இவ்வளவு பொறுமையாக எழுதிவைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. முதுமலையில் 50 ஹெக்டேர் துண்டு ஒன்றை 1988இல் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் குழுவினர் அமைத்தார்கள். ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண். சுற்றளவை நான்காண்டுக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள், ஆனால் எது செத்தது என்று பார்க்க ஆண்டுதோறும் போகிறார்கள். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. முதுமலையில் கொல்வது யானையும் தீயும் வறட்சியும். யானை முறித்த தண்டின் மேல் அடுத்த கோடையில் தீ ஓடிவிட்டால், முதலில் கைவைத்தது யார் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரிகன் கரையில் சாய்ந்த ஸ்ப்ரூஸின் வேர்த்தட்டு ஐந்தாண்டு கழித்துப் போனாலும் சாட்சியாக நிற்கும்.